நடுங்காத கை

"செத்திட்டுது எண்டால் ஏன் சேர் துடிக்குது?"

"பழக்கம் பிள்ளை. ஆள் போனது அதுக்கு இன்னும் தெரியாது."

"எங்கட வீட்டுத் தண்ணி மோட்டர் மாதிரி சேர். சுவிச்சை நிப்பாட்டினாலும் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நிக்கும்."

வினோதன் இதைச் சொன்னதும் வகுப்பு சிரித்தது. சோமசேகரம் சேரும் சிரித்தார். கேள்வி கேட்ட துசானி மட்டும் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெழுகு ஊற்றிய தட்டில் வெள்ளெலி மல்லாந்து கிடந்தது. நான்கு பாதங்களிலும் குண்டூசிகள். தாடையிலிருந்து அடிவயிறு வரை ஒரே கோட்டில் வெட்டி, தோலை இரண்டு பக்கமும் விரித்து, விலா எலும்புகளை நறுக்கி எடுத்தவள் அவள்தான். உள்ளே, நுரையீரல்களின் நடுவே, ஒரு சின்ன நாவற்பழம் அளவில் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல். யாரோ உள்ளே இருந்துகொண்டு விரல் நுனியால் தட்டுவதுபோல.

"இன்னும் கொஞ்சத்தில நிண்டிடும்," என்றார் சேர். "இது சோதினைக்கு வாற விசயமில்லை. ஆனா டொக்டராகப் போறன் எண்டு சொல்லுற பிள்ளை ஒரு நெஞ்சையாவது திறந்து பாத்திருக்கவேணும்."

டொக்டராகப் போறன் என்று சொல்லுகிற பிள்ளை துசானிதான். உயர்தரப் பரீட்சை அவளுக்கு இது இரண்டாந்தரம். முதல்முறை மருத்துவம் கொஞ்சத்தில் தவறியது. அதே வருடம் இதே மேசையில் கை நடுங்கி, நுரையீரலைக் குத்திக் கிழித்து, தட்டு முழுக்க இரத்தமாக்கியவளும் அவள்தான். வினோதன் அதற்குப் பிறகு அவளைக் கண்டால் கையை ஆட்டிக் காட்டுவான். அம்மா ராசமலருக்கு அது தெரியாது.

ஆய்வுகூடம் மேல்மாடியில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. மாரிகாலப் பின்னேரங்களில் அந்த யன்னல்களுக்கு வெளியே கடலும் வானமும் ஒரே சாம்பல் துணியாகக் கிடக்கும். நங்கூரமிட்ட கப்பல்கள் அந்தத் துணியில் பட்ட எண்ணெய்க் கறைகள்போல மங்கித் தெரியும். நனைந்த சீருடைகளின் மணமும், குளோரோபோமின் தித்திப்பும், அவற்றுக்கு அடியில் இன்னொரு இளஞ்சூட்டு மணமும், அப்போதுதான் தலை துவட்டிய துவாயைப்போல, அறைக்குள் தங்கி நின்றன. எலியின் மணம் அது என்று துசானி நினைத்தாள். பிறகு தன் கையை முகர்ந்து பார்த்தாள். கையில் அந்த மணம் இல்லை.

"எனக்குச் சத்தி வருதுடி," என்றாள் ஷாமிலா. அவள்தான் இந்த மேசையில் துசானியின் சோடி. பர்தாவின் நுனியை மூக்கோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். "உன்ட கை இண்டைக்கு நடுங்கவே இல்ல. என்ன திண்டிட்டு வந்த?"

"இடியப்பம்."

"எனக்கும் கொஞ்சம் கட்டிக் கொண்டுவாவன்."

அப்போது மின்சாரம் போனது. விசிறிகள் தளர்ந்து நின்றன. அவை நின்ற பிறகுதான் மழை எவ்வளவு பெரிதாகப் பெய்கிறது என்று கேட்டது. சேர் கைபேசி வெளிச்சத்தில் மேசைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "மிச்சத்தை நாளைக்குப் பாப்பம். துசானி, போமலின் ஊத்தி, துணியால மூடிப்போட்டு வாங்கோ," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார்.

மற்றவர்கள் போனார்கள். துசானியும் ஷாமிலாவும், உடல் கெடாமல் இருக்க, தட்டில் போமலின் ஊற்றினார்கள். கண் எரிந்தது. துணியைப் போடுமுன் துசானி ஒருமுறை குனிந்தாள். இதயம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. துணியைப் போட்டாள். ஷாமிலா கதவடியில் அவசரப்படுத்தினாள். துசானி பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தும்போது, அறைக்குள் பார்த்துச் சொன்னாள்:

"போட்டு வாறன்."

ஷாமிலா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யாருக்குடி சொல்ற? எலிக்கா? நல்ல வளர்ப்பு! உன்ட அம்மாக்கு ஒரு மெடல் குடுக்கோணும்."

துசானியும் சிரித்தாள். படிக்கட்டின் வளைவுவரை சிரித்தாள். பிறகு நின்றாள்.

வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவர் "போட்டு வாறன்" என்று சொல்லவேண்டும். நிற்கிறவர் "போட்டு வாங்கோ" என்று விடைகொடுக்க வேண்டும். அம்மா இதில் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அப்பா சீனன்குடாவுக்குக் காவல் வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் வாசல் படலையில் இந்த இரண்டு வசனமும் நடக்கும். "போறன்" என்ற சொல் அவர்கள் வீட்டில் இல்லை. அம்மாவின் தம்பி ஒருநாள் அவசரத்தில் "போறன் அக்கா" என்று சொல்லிவிட்டுக் குச்சவெளி பஸ்ஸில் ஏறியவர். அவரைப்பற்றி அதற்குமேல் யாரும் கதைப்பதில்லை.

சொல்லக்கூடாத இடம் ஒன்றே ஒன்றுதான். செத்தவீடு. அங்கிருந்து கிளம்பும்போது எதுவும் சொல்லாமல், யாரையும் பார்க்காமல் எழும்பி வந்துவிடவேண்டும். சொன்னால் திரும்பிப் போகவேண்டி வரும். சின்ன வயதில் ஒரு செத்தவீட்டு முற்றத்தில் அவள் வாயெடுத்தபோது, அம்மா உதட்டோடு சேர்த்துப் பொத்தி இழுத்துக்கொண்டு வந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

எலிதானே, என்று நினைத்தாள். எலிக்கு என்ன செத்தவீடு.

பஸ் நிலையத்தடியில் மான்கள் மழைக்கு ஒதுங்கி நின்றன. ஊர் மான்கள், கடலைக் கடதாசி தின்று வளர்ந்தவை. ஆள் கிட்டப் போனால் ஒரு அடி விலகும், காதைத் திருப்பும். துசானி அவற்றின் நடுவால் போனாள். ஷாமிலாவுக்கு விலகின. துசானிக்கு ஒன்றும் விலகவில்லை. ஒரு மானின் ஈரமான வயிறு அவள் முழங்கையோடு உரசியது. அது தலையைத் தூக்கவில்லை. அவள் அங்கே நட்டுவைத்த கம்பம் என்பதுபோலக் கடதாசியை மென்றது.

லிங்கநகர் வீட்டில் அம்மா தேத்தண்ணி கொடுத்தா. துசானி கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை, கொதிக்கக் கொதிக்கப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்? கையை எடு!"

அவள் கையை எடுத்தாள். உள்ளங்கைகள் சிவந்திருந்தன. அம்மா பச்சைத்தண்ணியில் கையை வைத்துத் தேய்த்தா. தண்ணீர் குளிர்ந்ததா என்று துசானிக்குத் தெரியவில்லை. தண்ணீர் என்று கண் சொன்னது. கை ஒன்றும் சொல்லவில்லை. கால் கழுவப் போனபோது பாதங்களும் அப்படித்தான் இருந்தன. ஈரச் சீமெந்தில் நின்றாள், சீமெந்து அங்கே இல்லை.

போமலின் பட்டிருக்கும், என்று நினைத்தாள். கையில் பட்டது சரி. பாதத்தில் எப்படி?

பிறகு குண்டூசிகளை நினைத்தாள். நான்கு பாதங்கள்.

பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவேண்டிய நேரம் அது. வயிறு குளிரவேண்டும், நெஞ்சு அடிக்கவேண்டும். ஒன்றும் வரவில்லை. கட்டிலில் மல்லாந்து படுத்திருந்து, கைகளையும் கால்களையும் தான் எப்படி விரித்து வைத்திருக்கிறேன் என்பதைக் கண்டபோதும் வரவில்லை. மெதுவாகக் கைகளைச் சேர்த்து வைத்தாள். நுளம்புகள் யன்னலால் வந்து, அவளுக்கு மேலால் பறந்து, அடுத்த அறையில் இருந்த அம்மாவைக் கடிக்கப் போயின.

அடுத்த நாள் துணியைத் தூக்கினாள். எலியின் ரோமம் விறைத்து, குடல் வெளிறி, நுரையீரல் சாம்பல் நிறமாகச் சுருங்கியிருந்தது. அவற்றின் நடுவே அது மட்டும் சிவப்பாக இருந்தது. அடித்தது.

"சேர்."

சோமசேகரம் சேர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார். அவருடைய மூச்சு எலியின் மீசையை அசைத்தது.

"எங்க?"

"இந்தா சேர். அடிக்குது."

அவர் எலியைப் பார்த்தார். பிறகு அவளை. "உன்ர கண்ணுக்குள்ள அடிக்குது. ராத்திரி நித்திரை கொண்டனியோ?"

"ஓம் சேர்."

"அப்ப வேலையைப் பார். இதயத்துக்கு மேல இருக்கிற கொழுப்பை எடுத்து, பெரிய குழாயளைத் துப்பரவாக் காட்டு."

அவள் இடுக்கியை எடுத்தாள். ஆச்சரியமாக இருந்தது. விரல்கள் தங்களுடைய பாட்டில் வேலை செய்தன. இடுக்கியின் இரும்பை அவள் உணரவில்லை, எவ்வளவு அழுத்துகிறாள் என்று தெரியவில்லை, ஆனாலும் நூலிழை போன்ற கொழுப்பு நார் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தது. ஒரு குழாய்கூடக் கிழியவில்லை. சேர் வகுப்பைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வந்து பாருங்கோ. போன வருசம் இந்தக் கை எப்பிடி நடுங்கினது? இப்ப பாருங்கோ. இதுதான் டொக்டர் கை."

வினோதன்கூடக் கையை ஆட்டிக் காட்டவில்லை. இந்த வார்த்தைக்காக அவள் ஒரு வருடம் காத்திருந்தவள். அது வந்து அவள்மேல் பட்டு, பட்ட இடம் தெரியாமல் விழுந்தது.

கூட்டம் கலைந்ததும் ஷாமிலா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். "பொறு, டொக்டருக்கு நாடி பாப்பம்." விரல்களை வைத்தாள். மாற்றி வைத்தாள். கழுத்தில் வைத்தாள். "எங்கடி உன்ட நாடி? செத்துப் பெய்த்தியா நீ?" சிரித்தாள். பிறகு மறுபடியும் மணிக்கட்டில் வைத்து, இம்முறை கூடிய நேரம், உதட்டைக் கடித்துக்கொண்டு தேடினாள். சிரிப்பு குறைந்தது. "எனக்குப் பிடிக்கத் தெரியல்ல போல," என்று கையை விட்டாள். விட்ட கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டாள். துடைத்தது அவளுக்கே தெரிந்திராது.

அந்த நேரம் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. மிகக் கிட்ட, யன்னல் கண்ணாடிகள் அதிரும்படி. வகுப்பு முழுவதும் திடுக்கிட்டது. ஷாமிலா "அல்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்தாள். யாரோ ஒரு சோதனைக்குழாயைக் கீழே போட்டார்கள். துசானி அசையவில்லை. அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை.

தட்டில், அது துள்ளியது.

ஒருமுறை பெரிதாகத் துள்ளி, பிறகு படபடவென்று அடித்து, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஓடி வந்து நின்ற ஒருவரின் நெஞ்சைப்போல. திடுக்கிட்டுப்போன ஒருவரின் நெஞ்சைப்போல.

துசானி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் திடுக்கிடல் தன்னுடையது என்று விளங்கியது. பாம்பைக் கண்டால் பாம்பு என்று விளங்குவதுபோல, யோசிக்கத் தேவையில்லாமல். அவளுக்கு வரவேண்டியிருந்த பயமெல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து அவளுக்காக அடிப்பது அதுதான்.

அவள் அதைப் பார்க்கப் பார்க்க அது வேகமாக அடித்தது.

வகுப்பு முடிந்ததும் சேரிடம் போனாள். "சேர், அந்த எலியை எனக்குத் தாங்கோ."

"எதுக்கு?"

"மண்ணுக்குள்ள தாட்டுவிட."

அவர் சிரித்தார். "செத்தவீட்டு எட்டுச் செலவும் செய்யப்போறியோ? விசர்ப் பிள்ளை. சனிக்கிழமை சின்ன வகுப்புப் பிள்ளையள் வருகினம். இதயத்தை வெட்டி வெளியில எடுத்துப் பிளந்து காட்டவேணும். இவ்வளவு வடிவா வெட்டின ஒண்டை நான் எங்க தேடுறது?" பிறகு, பெரிய பரிசு ஒன்றைக் கொடுப்பவர்போல, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் வெட்டமாட்டன். அவைக்கு முன்னால நீதான் வெட்டுறாய்."

"ஏலாது சேர்."

"அந்தக் கையை வைச்சுக்கொண்டு ஏலாதெண்டு சொல்லாதை."

ஆய்வுகூடத்தைப் பூட்டித் திறப்பைக் காற்சட்டைப் பையில் போட்டார்.

அன்று பின்னேரம் முழுவதும் அவள் யோசித்தாள். யோசனை மட்டும் தெளிவாக ஓடியது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல், தாடையிலிருந்து அடிவயிறுவரை ஒரு கோடு கல்லாகிக் கிடந்தபோதும், தலை மட்டும் கழுவிய கண்ணாடிபோல இருந்தது. அது வெட்டப்பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குமுன் அதை விட்டு வரவேண்டும். அவள் திரும்பி வருவதாகச் சொன்னாள், அதனால் அது காத்திருக்கிறது. காத்திருக்கவேண்டாம் என்று சொல்லவேண்டும். சொன்னதைத் திருப்பி எடுக்கவேண்டும்.

"போட்டு வாறன்" என்பதைத் திருப்பி எடுக்க ஒரே ஒரு சொல்தான் இருந்தது. வீட்டில் இல்லாத சொல்.

வெள்ளிக்கிழமை இடைவேளைக்கு வகுப்புகள் கீழே இறங்கியபோது, கொப்பியை மறந்துவிட்டேன் என்று சேரிடம் திறப்பை வாங்கிக்கொண்டு மேலே போனாள். மழை விட்டிருந்தது. ஈரவெயில் யன்னலால் விழுந்து மேசைகளின் மேல் கிடந்தது. துணியின் நடுவில் ஒரு இடம் ஏறி இறங்கியது. அவள் துணியைத் தூக்கவில்லை. பக்கத்தில் நின்று, குனிந்து, வளர்ந்த நாளிலிருந்து ஒருமுறையும் சொல்லாததைச் சொன்னாள்.

"நான் போறன்."

ஏறி இறங்கிய இடம் நின்றது.

அறை நின்றது. கீழே மைதானத்தில் பொடியன்களின் சத்தம் நின்றது, அல்லது அவளுக்கு நின்றது. நன்றி சொல்லவேண்டும் போல இருந்தது. பிறகு துணி மறுபடியும் ஏறியது. இறங்கியது. ஆறுதலாக, ஆழமாக, வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒருவரைப்போல.

அப்போதுதான் விளங்கியது. அந்தச் சொல்லைச் சொல்லுகிறவர் போய்விடுவார். எதிலிருந்து போகிறார், எலியிலிருந்தா தன் உடம்பிலிருந்தா, என்று அந்தச் சொல் கேட்பதில்லை.

திரும்பி நடக்க நினைத்தாள். கால்கள் நடக்கவில்லை. வாசலில் ஷாமிலா வந்து நின்று, "என்னடி செய்ற இங்க? வா," என்றாள். கால்கள் நடந்தன.

வா என்று சொன்னதால்.

அன்று வீட்டில் அம்மா "இரு" என்றபோது இருந்தாள். "சாப்பிடு" என்றபோது கை சோற்றில் இறங்கியது. பிசைந்தது, உருட்டியது, வாய்க்குக் கொண்டுவந்தது. வாய் திறந்தது. அவள் தூரத்தில் எங்கோ இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பையில் இருந்த சோறு முடிந்தது. அம்மா இன்னும் போட்டா. கை எடுத்தது. அதுவும் முடிந்தது. கை சட்டிக்குப் போனது.

"என்ன பிள்ளை இது? அப்பாக்கு ஒரு வாய் வையன்… துசானி! காணும்!"

கை நின்றது.

"சட்டியை வழிச்சுப்போட்டாய்," என்று அம்மா சிரித்துப் பார்த்தா. சிரிப்பு வரவில்லை. "உனக்கு என்ன செய்யுது? என்னட்டச் சொல்லு."

சொல்லு என்றதும் வாய் திறந்தது. இந்தமுறை அவள் தன் முழு உயிரையும் அந்த வாய்க்குள் தள்ளப் பார்த்தாள். அம்மா, என்னைப் போகவிடாதேங்கோ. அம்மா, நாளைக்கு வெட்டப்போறன்.

"ஒண்டுமில்லை அம்மா," என்றது வாய்.

அம்மா நெற்றியில் கை வைத்தா. உடனே எடுத்தா. "குளிர்ந்துபோய்க் கிடக்கு. படு. கண்ணை மூடு."

படுத்தாள். கண் மூடியது. அந்த இருட்டில் தன் உடம்பின் சத்தம் ஒன்றும் இல்லை. துறைமுகப் பக்கமிருந்து, வீடுகளையும் தெருக்களையும் தாண்டி, மிகச் சின்னதாக, ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. அது அழுதது என்று சொல்லமுடியாது. ஆனால் அவள் அழுதிருந்தால் அது அந்த வேகத்தில்தான் அடித்திருக்கும்.

காலையில் அம்மா சொன்னா: "எழும்பு. முகத்தைக் கழுவு. சேர் உன்னை நம்பி இருக்கிறார். வெளிக்கிட்டுப் போ."

படலைவரை அம்மா வந்தா. நின்றா. காத்திருந்தா. துசானி பையோடு நின்றாள். சொல்லவேண்டிய சொல் நாக்குக்குப் பின்னால் இருந்தது. நாக்கு அசையவில்லை. யாரும் அதற்குச் சொல்லவில்லை.

கால்கள் திரும்பி நடந்தன. போ என்று சொன்னதால்.

"பிள்ளை," என்று அம்மா பின்னால் கூப்பிட்டா. பிறகு கொஞ்சம் கூடிய குரலில். பிறகு செருப்பில்லாமல் தெருவுக்கு இறங்கும் சத்தம் கேட்டது. மழை தொடங்கியது.

ஆய்வுகூடம் நிறைந்திருந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி நெருங்கி, பின்னால் நின்றவர்கள் கதிரைகளில் ஏறி, மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். நனைந்த தலைகளின் மணம். போமலின். மழை கூரைத் தகரத்தில் ஒரே சத்தமாக விழுந்தது. சேர் துணியை எடுத்தார்.

வெளிறிய உடம்பு. நடுவில் அது. பைத்தியம்போல அடித்துக்கொண்டு.

பிள்ளைகள் பார்த்தார்கள். அது அடிப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"இதுதான் இதயம். இது தொகுதிப் பெருநாடி, உடம்பு முழுக்க இரத்தம் கொண்டுபோற பெரிய குழாய். இந்த அக்கா இப்ப இந்தக் குழாயை வெட்டி இதயத்தை வெளியில எடுக்கப்போறா. அவவின்ர கையைப் பாருங்கோ. எலியைப் பாக்காதேங்கோ, கையைப் பாருங்கோ. ஒரு பொட்டு நடுக்கம் இருக்கோ?"

"இல்லை சேர்," என்றார்கள்.

"கத்தரிக்கோலை எடு, துசானி."

கை எடுத்தது.

வெளியே படிக்கட்டில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டதுபோல இருந்தது. மழையாகவும் இருக்கலாம். கை தட்டின் மேலே வந்தது. வெயிலில் உலர்ந்த மரக்கிளைபோல அவ்வளவு அமைதியாக.

ஷாமிலா பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய விரல்கள் தட்டின் விளிம்பில். ஒரு சாண் தூரம்கூட இல்லை. ஒரு விரலை நீட்டினால் போதும்.

"வை," என்றார் சேர்.

அலகுகள் திறந்தன. குழாயின் இரண்டு பக்கமும் போய் நின்றன. அடிக்கும் ஒவ்வொரு முறையும் குழாய் புடைத்து இரும்பைத் தொட்டது. தொட்டது. தொட்டது. அந்தக் குளிரை மட்டும் அவள் உணர்ந்தாள். நாள்கணக்கில் முதல்முறையாக உணர்ந்த ஒன்று. இரும்பின் குளிர். இரண்டு பக்கமும்.

ஷாமிலா தட்டைப் பார்த்தாள். அவளுடைய கண்கள் விரிந்தன. வாய் திறந்தது. பர்தாவின் நுனி மூக்கிலிருந்து நழுவி விழுந்தது. அவள் இப்போது பார்க்கிறாள். அது அடிப்பதை அவளும் பார்க்கிறாள். தட்டிலிருந்து அவளுடைய கண்கள் எழவில்லை.

சேர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "கவனமாப் பாருங்கோ," என்றார். "வெட்டு பிள்ளை."

பெருவிரல் அசையத் தொடங்கியது.

உடம்பில் எஞ்சியிருந்த அந்த ஒரே இடத்திலிருந்து, குளிரின் நடுவிலிருந்து, துசானி கூப்பிட்டாள். குரல் வந்தது. யாருக்காவது கேட்டதா என்று தெரியவில்லை.

"ஷாமிலா… என்ர கையைப் பிடியன்."